அறுபது ஊசி, பன்னிரண்டு பை

ஜூலை 14, திங்கள்

பி.ப. 5.40. இன்சுலின் ஊசி 60. இரண்டு தரம் எண்ணினேன்.

கச்சான் காற்று. மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கியும் மேசையெல்லாம் மணல்.

ஊசி வந்த விதம்: மருதமுனைக் கைத்தறிச் சாரி வியாபாரி ஒருவரின் உம்மா மௌத்து. நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததாம். மீந்த மருந்தையெல்லாம் ஒரு சாரிப் பையில் போட்டு அவரே கவுண்டரில் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, சீனி வருத்தக்காரர், வாங்க ஏலாத ஆக்கள் வருவாங்கதானே. உம்மாட பேரால தருமம், சதக்கா. ஒரு விசயம். யாருக்குக் குடுத்த எண்டு எழுதவாணாம்."

"ஏன்?"

"எழுதினா அது கணக்கு. சதக்கா இல்ல."

எல்லாவற்றையும் எழுதுகிறவனிடம் வந்து கேட்கிறார். சரி என்றேன். வாதாட நேரமில்லை.

பையில் இருந்தவை:
– மாத்திரை அட்டைகள். பாதி வெட்டியவை. எந்த அலுமாரியில் வெந்து கிடந்ததோ. குப்பை.
– இன்சுலின் 2 குப்பி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எதையும் நான் நம்புவதில்லை. குப்பை.
– ஊசி 60. உறை பிரிக்காதது. உம்மாவைச் சென்னைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனபோது வாங்கியதாம். காலாவதித் திகதி சரி. உறை சரி. மூடி சிவப்பு, நம்முடையது செம்மஞ்சள். கம்பனி வேறு.

பெட்டியை எறிந்துவிட்டு ஐந்து ஐந்தாகக் கடதாசிப் பையில் போட்டேன். 12 பை. கவுண்டர் மேசையின் மூன்றாம் லாச்சி.

தர்ஷினி (பாண்டிருப்பு, ஏழு மாதமாக என்னோடு கவுண்டரில்) ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணா, இதில நாப்பது எண்டு போட்டிருக்கு."

"எத்தனை யுனிட் கொள்ளும் எண்டது. நம்மட ஊசி நூறு கொள்ளும். இது சின்னன்."

"ஓ."

கடை பூட்டுகிற நேரத்தில்தான் இவளுக்குப் படிக்க ஆசை வரும்.

ஜூலை 15, செவ்வாய்

என் ஊசி லிஸ்டில் இப்போது 11 பேர். கிழமைக்கு ஒரு தரம் ஒவ்வொருவருக்கும் அழைப்பு: சீனி எவ்வளவு, எத்தனை யுனிட், எங்கே குத்தின, ஊசியை எத்தனை தரம் பாவித்த. ஆஸ்பத்திரி கிளினிக்கில் குப்பி கொடுப்பார்கள், குத்துகிற விதத்தை ஒரு தரம் காட்டுவார்கள். பிறகு அவரவர் பாடு. ஒருவர் ஒரே ஊசியால் பதினொரு நாள் குத்தியிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த லிஸ்ட். முதலாளி ஹாஜியார் இதை "உண்ட கோல் சென்டர்" என்கிறார்.

முதல் பை நூர்தீன் காக்காவுக்கு. 49 வயது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஓட்டோ. காலை 18 யுனிட், மாலை 10. ஆள் வாய்க்காரன். கடைக்குள் வரும்போதே, "எங்க நம்மட ஊசிப் பொலிஸ்?"

"பழைய ஊசிய எத்தன நாள் குத்தின?"

"நாலு."

"உண்மைய செல்லுங்க."

"நாலு எண்டா நாலுதான். ஆறெண்டு வெச்சிக்க."

பையைக் கொடுத்தேன். ஏன் சும்மா என்று கேட்டார். சதக்கா என்று சொல்லவில்லை. மானஸ்தன், வாங்கமாட்டார். கம்பனி சாம்பிள் என்றேன். கடைப் புத்தகத்தில் எழுதவில்லை. சொன்ன வாக்கு.

இன்றைக்கு 2 பை போனது. இரண்டாவதும் லிஸ்டில் உள்ள ஆள்.

மோட்டார் சைக்கிள் கண்ணாடியை யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள். பக்கத்து ஃபோன் கடைப் பொடியன்மார். நிச்சயம்.

ஜூலை 17, வியாழன்

மு.ப. 8.20. நூர்தீன் காக்கா (இனி நூ.கா.) அழைப்பு. குரல் தேய்ந்து கிடந்தது.

"தம்பி, பிள்ளைகள இறக்கிட்டு வாறன், கை நடுங்குது. சேட்டெல்லாம் நனைஞ்சு போச்சி."

மெஷினில் சீனி பார்க்கச் சொன்னேன். 58. டொபி மூன்று சாப்பிடச் சொன்னேன். கால் மணித்தியாலம் கழித்து 84.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"பிளேன்டீ, ரெண்டு பிஸ்கட். எப்பவும் அப்பிடித்தானே."

எப்பவும் அப்படித்தான். ஆனால் எப்போதும் 58 இல்லை. ஜூனில் மிகக் குறைந்தது 110.

வியாழன். எனக்கு உடனே பட்டது: நோன்பு. திங்களும் வியாழனும் சுன்னத்தான (கடமையில்லாத) நோன்பு பிடிக்கிறவர்களைத் தெரியும். கிளினிக்கில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் சொன்னேன். அதனால் ஒளித்துப் பிடிக்கிறார். பிளேன்டீயும் பிஸ்கட்டும் எனக்குச் சொல்கிற கதை.

"காக்கா, நோன்பா?"

"சத்தியமா இல்ல."

சத்தியம் கேட்காமலே சத்தியம் பண்ணுகிறவரை நான் நம்புவதில்லை.

இருந்தாலும் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். அடுத்த திகதி ஆகஸ்டில்தானாம். நாளைக்கே போங்க என்றேன். "போறன் போறன்." போகமாட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஜும்ஆவில் செருப்புப் போய்விட்டது. இந்த வருடம் இரண்டாவது சோடி. ஃபோன் கடைக்காரர்களில் ஒருவன் என் பின் வரிசையில்தான் இருந்தான்.

நூ.கா. இன்றைக்குப் பின்னேரம் 287. நேற்று 58, இன்று 287. யாரோ பொய் சொல்கிறார்கள். மெஷின் பொய் சொல்லாது, ஒரு மாதத்துக்கு முன்தான் நானே சரிபார்த்தேன்.

ஜூலை 19, சனி

நூ.கா. காலை 291. வீட்டுக்கு அழைப்பு எடுத்தேன், மனைவி நபீலா ராத்தா பேசினார்.

"ராத்தா, ஒழுங்காக் குத்துறாரா?"

"குத்துறார் குத்துறார்."

"நீங்க கண்ணால கண்டயா?"

"நான் குசினிக்குள்ள சமைக்கிறதா, அவருக்குப் பின்னால திரியிறதா?"

பின்னால் அவர் சிரிக்கிற சத்தம். "பொலிஸ் வாக்குமூலம் எடுக்குது!"

ஏன் சிரிக்க வேண்டும்? 291க்கு யார் சிரிப்பான்?

சந்தேகங்கள்:
அ. நோன்பு. (திங்கள் பார்ப்போம்.)
ஆ. ஊசியை விட்டுவிட்டு எனக்குப் பொய் சொல்கிறார்.
இ. ராத்தா சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுக்கிறார், ஒளிக்கிறார்.
ஈ. குப்பி பழுது. ஆனால் பழுதான இன்சுலினால் 58 வராது.
உ. தர்ஷினி. போன மாதம் அவருடைய மாத்திரை லேபல் எழுதியது அவள். கூடுதலாக எழுதிவிட்டாளோ?

உ-வைப் பார்த்தேன். புத்தகத்தைப் புரட்டுவதை அவள் கண்டுவிட்டாள்.

"என்னையா பாக்கிறீங்க?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்திலயும் முதல் நான் எண்டதுதான் விசேசம்."

லேபல் சரி. மன்னிப்புக் கேட்கவில்லை. பார்ப்பது என் வேலை.

கடையில் சனம் நிறைய. பின்னேரம் ஒருவர் மெதுவாக, "ஊசி சும்மா குடுக்கிற எண்டாங்க" என்றார். நான் நிமிரவில்லை. தெரிந்துதான் நிமிரவில்லை; வாங்குகிறவருக்குக் கூச்சம் வரக்கூடாது. ஒரு கை வந்தது, பையை வைத்தேன், கை போனது. நகத்துக்குள் நீலச் சாயம். அந்தச் சாரி வியாபாரி கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

ஜூலை 21, திங்கள்

திங்கள். நான் சொன்னேன்.

நூ.கா. இன்றைக்கு ஓட்டோவில் ஆறு பிள்ளைகளோடு சாய்ந்தமருதில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். நிற்காமல். காரைதீவுச் சந்தி வரைக்கும். சின்னதுகள் சுற்றுலா என்று சிரித்திருக்கின்றன. மூத்த பிள்ளை மட்டும் கத்தி அழுது சேட்டைப் பிடித்து இழுத்திருக்கிறாள். சந்தியில் மதிலோடு உரசி நின்றது. ஒரு பிள்ளைக்கும் கீறலில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சனம் கூடிவிட்டது. கண் சொருகுது, கதை குழறுது. "ஐஸ் தூள் அடிச்சிட்டு வந்திரிக்கான்" என்று யாரோ சொல்ல, ஒருவர் அடிக்கவும் கை ஓங்கினாராம். தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர்தான், "இது சீனி இறங்கின ஆள், எண்ட அப்பாவும் இப்பிடித்தான்" என்று சீனி கரைத்துப் பருக்கினார். அந்த ஆள் இல்லாவிட்டால்?

எனக்குத் தெரிந்தபோது மு.ப. 9.30. ஆஸ்பத்திரியில் வைத்துச் சேலைன் ஏற்றி, பின்னேரம் விட்டுவிட்டார்கள். குத்திய அளவு 18 என்று அவர் சொல்ல, சாப்பிடாமல் குத்தாதே என்று ஏசி அனுப்பியிருக்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். வாசலில் மூன்று பிள்ளைகளின் வாப்பாமார் நின்றார்கள். இனி அனுப்பமாட்டார்களாம். ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க மருந்துக்கடதானே, உண்மைய செல்லுங்க, ஆள் தூள் பாவிக்கிறயா?"

"இல்ல" என்றேன். ஆனால் ஒரு நொடி பிந்தித்தான் சொன்னேன். அதை அவர் கண்டார்.

நூ.கா. சிரிக்கவில்லை. முதல் தடவை.

"காக்கா, நோன்பு பிடிச்சயா?"

"பிடிக்கல்ல எண்டு எத்தன தரம் செல்ற?"

"அப்ப வெள்ளி, சனி, ஞாயிறு ஏன் ஏறிச்சி?"

குனிந்துகொண்டார். "மூணு நாளும் குத்தல்ல. வியாழக்கிழம நடுக்கத்தில பயந்திட்டன். உனக்குச் செல்லல்ல. ஏசுவாய் எண்டு."

ஆகவே ஆ சரி. பொய் சொன்னார். ஆனால் அந்தப் பொய் 291ஐத்தான் விளக்குகிறது. 58ஐ விளக்கவில்லை. மூன்று நாள் விட்டு இன்றைக்குக் காலையில் திரும்பக் குத்தினார், அன்றைக்கே விழுந்தார். குத்தினால் விழுகிறார். குத்தாவிட்டால் ஏறுகிறது. 18 யுனிட்டுக்கு இப்படி விழக்கூடாது.

நாளைக்கு நேரில் பார்க்க வேண்டும். இரவைக்குக் குத்த வேண்டாம், நான் வரும்வரை குப்பியையே தொடவேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

மு.ப. 6.15. நூ.கா. வீடு. வேலிப் பக்கம் ஓட்டோ, முன் கம்பி வளைந்து. பார்க்க முடியவில்லை.

"நான் ஒண்டும் செல்லமாட்டன். நீங்க எப்பவும் செய்யிற மாதிரிச் செய்யுங்க. குத்தவாணாம், இழுத்து மட்டும் காட்டுங்க."

பீங்கான் தட்டில் எல்லாம் கொண்டுவந்தார். கை கழுவினார். குப்பியை உள்ளங்கையில் உருட்டினார். காற்று ஏற்றினார். தலைகீழாகப் பிடித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழை இல்லை. அதுவே எனக்கு எரிச்சல். பிழை இருந்திருக்க வேண்டும்.

18ஆம் கோட்டில் நிறுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பதினெட்டு. பார்."

பதினெட்டுத்தான். கோடு சரி. ஆனால் குழாயில் கிட்டத்தட்டப் பாதி மருந்து.

18 யுனிட் பாதிக்கு வராது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பீங்கானில் சிவப்பு மூடி.

எனக்குக் காது அடைத்துவிட்டது. உண்மையாகவே. ராத்தா ஏதோ கேட்டது கேட்கவில்லை.

பிறகு படிக்கிறவருக்கு விளங்க, இங்கே: இந்தியாவில் ஒரு மில்லியில் 40 யுனிட் உள்ள இன்சுலின் குப்பியும் விற்கிறார்கள். சிவப்பு மூடி ஊசியின் கோடு அந்தக் குப்பிக்குப் போட்டது. நம்முடைய குப்பியில் ஒரு மில்லிக்கு 100. நம்முடைய குப்பியிலிருந்து அந்த ஊசியால் 18ஆம் கோட்டுக்கு இழுத்தால் உடம்புக்குள் போவது 45. இரண்டரை மடங்கு. 40 என்பது கொள்ளளவு இல்லை. இதைப் படித்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் எடுத்தவன் நான்.

"என்ன தம்பி, முகம் வெளிறிப் போச்சி?"

"இந்த ஊசி…"

"நீதானே தந்த. கம்பனி சாம்பிள் எண்டு. வியாழக்கிழமதான் பையப் பிரிச்சன்."

சொன்னேன். முழுவதும். சதக்கா என்பதையும். ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சும்மா வந்த சாமான் எண்டதும் எனக்கு ஒரு மாதிரித்தான் இரிந்திச்சி" என்றார். என்னையும் ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். நல்லது.

நூ.கா. ஊசியைப் பீங்கானில் வைத்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"அப்ப நான் தூள் அடிக்கல்ல எண்டு அந்தப் பிள்ளைகள்ற வாப்பாமார்ட்ட வந்து செல்லுவியா?"

"செல்லுவன்."

"உண்ட பிழை எண்டும் செல்லுவியா?"

"ஓம்."

"அப்ப சரி. பிளேன்டீ குடி."

குடித்தேன். சீனி போட்டிருந்தது. எனக்குத்தான்.

மிச்சம் மூன்று ஊசியையும் வாங்கிக்கொண்டு, செம்மஞ்சள் மூடி புதிது ஒரு பெட்டி கொடுத்து, அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் நானே சொன்னேன். டொக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை.

மு.ப. 10.05, கடை. லாச்சியில் 5 பை. 12 கழி 5, வெளியே 7. நூ.கா. ஒன்று. மிச்சம் ஆறு பை. பெயர் ஒன்றும் இல்லை. இந்த ஊரிலேயே எல்லாம் எழுதுகிறவனிடம் இந்த ஒன்று மட்டும் இல்லை.

லிஸ்டில் உள்ள மூவருக்கு என் கையால் கொடுத்தது ஞாபகம். அழைத்தேன்.
– ஒருவர் பையைப் பிரிக்கவே இல்லை.
– ஒருவர் நேற்றுத்தான் ஆரம்பம். காலையில் குளியலறையில் மயங்கி, எழும்பிவிட்டார்.
– மூன்றாமவரின் மகள்: "வாப்பாக்கு ரெண்டு நாளா வேர்த்து வேர்த்துக் கொட்டுது. கச்சான் வெக்கை எண்டு நினைச்சம்." உடனே சீனி பார்க்கச் சொன்னேன். 49. நான் போய்ச் சேரும்போது எழுந்து உட்கார்ந்து பாணும் சீனியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வந்து தர்ஷினியிடம் கேட்டேன்.

"நான் ரெண்டு பை குடுத்தன்" என்றாள். "ஒண்டு எங்கட கோயில் வீதிக் கனகம்மாக்கு. மற்றது மீன் சந்தையில ஐஸ் அடிக்கிற… ஐயோ, ஐஸ் உடைக்கிற நஸார் நானாக்கு. ரெண்டு பேர்ட நம்பரும் இருக்கு."

"எழுத வேணாம் எண்டனே."

"எழுதல்லயே. எழுத வேணாம் எண்டுதான் சொன்னீங்க. ஞாபகம் வெக்க வேணாம் எண்டு சொல்லல்ல."

அவளே பேசினாள். இரண்டு பையும் பின்னேரம் கைக்கு வந்தது.

ஃபோனை வைத்துவிட்டு நாற்பதைப் பற்றிச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அலுமாரித் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

ஆறு பை கிடைத்தது. ஏழாவது, சனிக்கிழமை. நான் நிமிராமல் கொடுத்தது.

ஜூலை 23, புதன்

பி.ப. 12.30. காற்று இன்னும். ஒரு பை, ஐந்து ஊசி, வெளியே. ஐந்தாம் நாள்.

காலையில் ஹாஜியாரிடம் சொன்னேன். தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பள்ளிவாசல் மைக்கில் சொல்ல வேண்டும் என்றேன்.

"மைக்லயா? செல்லி முடியக்குள்ள கட முடிஞ்சிரும். ஒரு ஆளுக்காக?"

"ஒரு ஆள் மௌத்தானா?"

"வாய மூடு. தேடு, ஆனா சத்தமில்லாமத் தேடு." பிறகு, மெதுவாக: "இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிரிக்கியா?"

"இல்ல" என்றேன். இந்தப் புத்தகம் என் பையில், அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த மேசையில்.

பிறகு உள்ளே போய் 14ஆம் திகதியைப் படித்தேன். 'கம்பனி வேறு.' 'இது சின்னன்.' அவளுடைய 'ஓ'. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன். மெல்லிய கடதாசி. சத்தமே வராது.

செருப்புக் கிடைத்தது. கவுண்டருக்குக் கீழே. வெள்ளிக்கிழமை கடைச் சிலிப்பரோடு ஜும்ஆவுக்குப் போயிருக்கிறேன்.

அந்தக் கை. எவ்வளவு யோசித்தாலும் அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடச் சத்தியம் பண்ணமாட்டேன், குரல் அவ்வளவு மெதுவாக. நீலச் சாயம். மருதமுனைத் தறிக்காரராக இருக்கலாம். அவருக்கா, வீட்டில் வேறு யாருக்குமா, எத்தனை யுனிட், தெரியாது. தனியே இருக்கிற ஆளானால் வேர்த்தால் பார்க்கவும் யாரும் இல்லை.

இனி:

1. லுஹர் தொழுகை முடிந்தவுடன் பள்ளிவாசலில் மோதினாரைப் பிடிக்கிற. மைக்கில்: சிவப்பு மூடி இன்சுலின் ஊசி சும்மா வாங்கினவர் குத்தவேணாம், உடனே சீனி பாருங்க, கடைக்கு அழையுங்க. பெயர் சொல்லத் தேவையில்லை. கொடுத்தவன் பெயர் சொல்லலாம். அது என் பெயர்.

2. தர்ஷினி பாண்டிருப்புக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொள்வாளாம். அவளாகவே சொன்னாள். கை மருதமுனைக் கைதான் என்று நானாக முடிவு பண்ணக்கூடாது.

3. மருதமுனை. சாரி வியாபாரியிடம் உண்மையைச் சொல்கிற. உம்மாவின் பெயரால் வந்தது என்பதால் அவருக்கு நோகும். சொன்னாலும் நோகும், ஒளித்தாலும் நோகும். பிறகு சாயம் போடுகிற இடமெல்லாம் அவரோடு ஏறி இறங்குகிற.

4. அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகளின் வாப்பாமார் மூவர் வீட்டுக்கும். நூ.கா.வையும் கூட்டிக்கொண்டு.

5. தர்ஷினியிடம், ஹாஜியார் நிற்கும்போது: நாற்பதை நீ கண்டாய், நான் கேட்கவில்லை.

6. 14ஆம் திகதிப் பக்கத்தைக் கிழிக்கிற இல்லை. ஹாஜியார் திரும்பக் கேட்டால், எழுதி வைத்திருக்கிறேன்.

7. அந்த ஆள் வந்தால் பையை வாங்க முதல் கதிரையில் இருத்துகிற. சீனி பார்க்கிற. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிற.